இல்லாதவன் போட்ட முதல் கையெழுத்து

மந்திரிகள் வெளிநாடு போவதும் வருவதும் பத்திரிகைகளில் அன்றாடம் வரும் செய்தி. விமான நிலையத்தில் ரோஜா மாலை, ராத்திரி மாளிகையில் விருந்து, மறுநாள் "இரு நாட்டு நல்லுறவும் மேலும் பலப்பட்டது" என்று ஒரு கூட்டறிக்கை! இதனால் அரிசி விலை இறங்கியதா, ஆலையில் ஆட்குறைப்பு நின்றதா என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. ஆகவே, மந்திரி பயணம் என்ற தலைப்பைக் கண்டதும் நம் தோழர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவதில் நாம் குறை காணவில்லை.

ஆனாலும் ஒரு மந்திரியின் பயணத்தைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறோம். தோழர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். அணுகுண்டு சம்பந்தப்பட்ட விஷயமாயிற்றே, விஞ்ஞானிகள் அல்லவா பேச வேண்டும் என்று ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டுப் பழகியவர்கள், போட்ட ஒப்பந்தத்தை முதலாளி எப்படி மதிப்பான் என்று அனுபவித்துக் கண்டவர்கள், அவசியம் பேச வேண்டிய விஷயம் இது.

1968-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி. இடம் மாஸ்கோ. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் அன்றுதான் மாஸ்கோ, லண்டன், வாஷிங்டன் ஆகிய மூன்று தலைநகரங்களிலும் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. மாஸ்கோவில் முதல் கையெழுத்தைப் போட்டவர் சோவியத் மந்திரியல்ல. அணுகுண்டு வைத்திருந்த வேறு எந்த நாட்டின் பிரதிநிதியும் அல்ல. அயர்லாந்து என்னும் சிறு தீவு நாட்டின் வெளிநாட்டு மந்திரி, பிராங்க் எய்கன்.

அயர்லாந்திடம் அணுகுண்டு கிடையாது. மின்சாரம் எடுக்கும் அணு உலைகூடக் கிடையாது. அன்று அதன் ஜனத்தொகை முப்பது லட்சத்துக்கும் கீழே. நம் பழைய கோயம்புத்தூர் ஜில்லா ஒன்றில் அந்நாளில் இருந்த மக்களைவிடக் குறைவு! அப்படிப்பட்ட நாட்டின் மந்திரியை, ஆயிரக்கணக்கில் குண்டு குவித்து வைத்திருந்த சோவியத் சர்க்கார் ஏன் அழைத்து, முதல் கையெழுத்தைப் போடச் சொன்னது?

ஏனென்றால் அந்த ஒப்பந்தத்துக்கு விதை போட்டவரே அவர்தான்.

துப்பாக்கி பிடித்த கை

ஐரிஷ் மக்கள் நமக்கு முற்றிலும் அந்நியர்கள் என்று சொல்ல முடியாது. 1916-ல் சென்னை அடையாறிலிருந்து அன்னி பெசன்ட் அம்மையார் தொடங்கிய ஹோம்ரூல் இயக்கம் தன் பெயரையே அயர்லாந்திலிருந்துதான் எடுத்துக்கொண்டது. ரெயில்வேத் தொழிலாளர் சங்கத்தில் வளர்ந்து, 1937-ல் சென்னை மாகாணத்தின் தொழிலாளர் மந்திரியாகி, பின்னாளில் ஜனாதிபதியாக அமர்ந்த வி. வி. கிரி, டப்ளின் நகரில் சட்டம் படிக்கப் போனவர். அங்கே மூண்ட விடுதலைக் கிளர்ச்சியின் பக்கம் சாய்ந்ததால் 1916-ல் அந்நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர். இரண்டு நாட்டுக்கும் எதிரி ஒருவனே.

எய்கன் அந்தக் கிளர்ச்சியின் பிள்ளை. 1898-ல் அர்மா வட்டாரத்திலுள்ள காம்லோ என்ற ஊரில் பிறந்தார். பிரிட்டன் அயர்லாந்தைத் துண்டு போட்டபோது அவர் பிறந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷார் வைத்துக்கொண்ட பகுதியில் சிக்கிக்கொண்டது. இளமையிலேயே துப்பாக்கி ஏந்தினார். பிரிட்டிஷ் படையை எதிர்த்துப் போரிட்ட ஐரிஷ் குடியரசுப் படையில் ஒரு பிரிவுக்கே தளபதியானார். பிரிட்டனோடு செய்துகொண்ட உடன்படிக்கையை ஏற்பதா மறுப்பதா என்று ஐரிஷ் மக்களே இரண்டாகப் பிளந்து, 1922-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. நேற்றுவரை ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்கள் ஒருவரையொருவர் சுட்டார்கள்.

1923 ஏப்ரலில் உடன்படிக்கையை எதிர்த்த படையின் தலைவர் லியாம் லிஞ்ச் கொல்லப்பட்டார். தலைமை எய்கனிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 25. மே 24-ந் தேதி ஓர் உத்தரவு பிறப்பித்தார். சண்டையை நிறுத்துங்கள், ஆயுதங்களைக் கீழே போடுங்கள் என்பதே அதன் சாரம். சரணடையச் சொல்லவில்லை, துப்பாக்கியை எதிரியிடம் ஒப்படைக்கவும் சொல்லவில்லை. பதுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்றார். தோற்றவன் மானத்தோடு போரை முடித்த கதை அது. ஒன்பது ஆண்டு கழித்து, 1932-ல், டி வலேராவின் சர்க்காரில் அவரே ராணுவ மந்திரியானார். எந்தப் படையை எதிர்த்துச் சண்டையிட்டாரோ அந்தப் படைக்கே மந்திரி!

ஆயுதம் பற்றி இவருக்கு இன்னோர் அனுபவமும் உண்டு. 1941-ல், உலகப் போரில் அயர்லாந்து நடுநிலை வகித்த சமயம், ஆயுதம் கேட்டு வாஷிங்டன் போனார். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டோடு பேச்சு சூடேறியது. ரூஸ்வெல்ட் கோபத்தில் மேஜை விரிப்பைப் பிடித்து இழுக்க, தட்டும் கரண்டியும் பறந்தன என்று சரித்திரக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கேட்ட ஆயுதம் கிடைக்கவில்லை. பெரியவன் வாசலில் சின்னவன் நின்றால் என்ன மரியாதை கிடைக்கும் என்பதை அன்றே அவர் கண்டார்.

துப்பாக்கியின் வலிமையும் தெரியும், அதைக் கீழே வைப்பதன் வலியும் தெரியும். அணுகுண்டைப் பற்றிப் பேச அவருக்கிருந்த யோக்கியதை இதுதான் என்று நாம் கருதுகிறோம். ஏட்டைப் படித்துவிட்டு சமாதானம் பேசிய மனிதரல்ல அவர்.

நாலு தடவை ஒரே தீர்மானம்

அயர்லாந்து ஐ.நா. சபையில் இடம்பெற்றதே 1955 டிசம்பரில்தான். அதற்கு முன் 1946-ல் மனுப் போட்டபோது சோவியத் யூனியன் தன் ரத்து அதிகாரத்தைக் காட்டித் தடுத்துவிட்டது. காரணம்? எங்களுக்கும் அயர்லாந்துக்கும் தூதரக உறவே கிடையாதே என்பது! அன்று ஐ.நா.வில் சோவியத் பிரதிநிதியாக இருந்தவர் குரோமிகோ. இந்தப் பெயரைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வருகிறார்.

1957-ல் எய்கன் இரண்டாம் முறையாக வெளிநாட்டு மந்திரியானார். அவ்வாண்டே, மக்கள் சீனத்துக்கு ஐ.நா.வில் இடம் தருவதுபற்றி விவாதிக்கலாம் என்ற பக்கம் ஓட்டளித்தார். சீனத்தை ஆதரித்தல்ல, விவாதிக்கலாம் என்றுதான்! அதற்கே வாஷிங்டன் முகம் சுளித்தது. அமெரிக்காவிலிருந்த கத்தோலிக்க மேலிடம் சீறியது. அயர்லாந்தோ கத்தோலிக்கர் நாடு. அதன் மக்களில் பாதிப் பேருக்கு அமெரிக்காவில் மாமனோ சித்தப்பனோ உண்டு என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எய்கன் அசையவில்லை.

1958 அக்டோபரில் அவர் அணு ஆயுதப் பிரச்னையைக் கையில் எடுத்தார். அப்போது குண்டு வைத்திருந்தவை மூன்றே நாடுகள்: அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன். பிரான்ஸ் வாசலில் நின்றது. எய்கன் கேட்டது சிறிய விஷயம். வைத்திருப்பவன் இல்லாதவனுக்குக் கொடுக்கக் கூடாது. இல்லாதவன் செய்யவும் கூடாது, வாங்கவும் கூடாது. முதலில் நெருப்பு அடுத்த கூரைக்குத் தாவாமல் நிறுத்துவோம். எரிகிற கூரையைப் பிறகு அணைப்போம் என்பது அவர் வாதம். பக்கத்து வீட்டுக்காரன் துப்பாக்கி வாங்கினால் நாமும் வாங்குவோம், அதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரன் வாங்குவான். பத்துக் கையில் குண்டு இருந்தால், பத்தில் ஏதாவது ஒரு கை ஒருநாள் நடுங்கத்தானே செய்யும்?

இந்தச் சிறு விஷயத்துக்கே முதல் தடவை என்ன நடந்தது தெரியுமா? முக்கியமான பாராவுக்கு ஓட்டெடுத்தார்கள். ஆதரவு 37, எதிர்ப்பு ஒன்றுமில்லை, நடுநிலை 44! ஒருவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும் என்று சொல்லப் பாதிப் பேருக்கு வாய் வரவில்லை. எய்கன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஊர் போனார்.

அடுத்த ஆண்டு மறுபடி வந்தார். 1959-ல் 68 நாடுகள் ஆதரித்தன, 12 ஒதுங்கின. ஒதுங்கியவற்றில் சோவியத் அணி இருந்தது. அமெரிக்கா தன் குண்டுகளைக் கூட்டாளிகளின் மண்ணில் கொண்டுபோய் வைப்பதை இந்தத் தீர்மானம் தடுக்கவில்லையே என்பது அவர்கள் ஆட்சேபணை. 1960-ல் தீர்மானத்தைக் கொஞ்சம் இறுக்கி மறுபடி கொண்டுவந்தார். மறுபடி 68 ஆதரவு, இந்தத் தடவை 26 பேர் ஒதுங்கினார்கள். இம்முறை ஒதுங்கியது அமெரிக்க அணி! ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் அவிழும் வேட்டிபோல ஆயிற்று கதை. வேறொருவராயிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பார்.

நான்காம் தடவை 1961. அவ்வாண்டு அக்டோபர் 30-ந் தேதி, வட துருவத்தை ஒட்டிய தீவொன்றின் மேலே சோவியத் யூனியன் ஒரு குண்டை வெடித்தது. சுமார் 50 மெகாடன். ஹிரோஷிமாவை எரித்த குண்டைப்போல் மூவாயிரம் மடங்குக்கும் அதிகம். மனிதன் அதற்கு முன்பும் அதற்குப் பின்பும் அவ்வளவு பெரிய குண்டை வெடித்ததில்லை. உலகமே கதிகலங்கி நின்ற அந்தச் சமயத்தில், 35 நாள் கழித்து, டிசம்பர் 4-ந் தேதி, எய்கன் கொண்டுவந்த தீர்மானம் ஐ.நா. பொதுச்சபையில் ஏகமனதாக நிறைவேறியது. 1665-ம் எண் தீர்மானம். உலகம் அதை ஐரிஷ் தீர்மானம் என்றே அழைக்கிறது.

தீர்மானம் ஒப்பந்தமாக மாற மேலும் ஆறரை ஆண்டு பிடித்தது. ஜெனீவாவில் பதினெட்டு நாடுகளின் குழு உட்கார்ந்து பேசியது. அமெரிக்கா, பல நாட்டு மாலுமிகள் சேர்ந்து இயக்கும் அணு ஆயுதக் கப்பற்படை ஒன்றை ஐரோப்பாவில் அமைக்க யோசித்தது; மேற்கு ஜெர்மனியின் விரல் குண்டின் விசைக்குப் போய்விடும் என்று மாஸ்கோ கொதித்தது. அந்தத் திட்டம் கைவிடப்பட்ட பிறகுதான் பேச்சு நகர்ந்தது. இதற்கிடையே 1960-ல் பிரான்சும் 1964-ல் சீனாவும் குண்டு வெடித்துவிட்டன. மூன்று ஐந்தாகிவிட்டது.

தூதரகமே இல்லாத ஊருக்கு

1968 ஜூலையில் எய்கன் மாஸ்கோவுக்குப் போனபோதும் அயர்லாந்துக்கும் சோவியத் யூனியனுக்கும் தூதரக உறவு கிடையாது. டப்ளினில் சோவியத் தூதர் இல்லை. மாஸ்கோவில் ஐரிஷ் தூதர் இல்லை. தேவாலயப் பிரசங்க மேடைகளில் கம்யூனிஸ்ட் என்ற சொல்லே வசையாக இருந்த நாடு அன்றைய அயர்லாந்து. அந்த நாட்டு மந்திரி மாஸ்கோ போகிறார்! அவரை அழைத்த சர்க்காரின் வெளிநாட்டு மந்திரி யார்? அதே குரோமிகோ! 1946-ல் உறவில்லை என்று சொல்லி வாசலில் நிறுத்திய சோவியத் சர்க்கார், 1968-ல் உறவில்லாமலே உள்ளே அழைத்து, முதல் பேனாவைக் கையில் கொடுத்தது.

இரு நாட்டு உறவு என்று இன்று பேசுகிறார்களே, அதற்கு நாம் காட்டும் உதாரணம் இது. விருந்து கொடுத்து வளர்ந்த உறவல்ல. சந்தையைத் திறந்துவிட்டு வாங்கிய உறவுமல்ல. எந்த அணியிலும் போய்ச் சேராமல், இரண்டு அணியையும் எரிச்சல்படுத்திக்கொண்டே பத்து வருஷம் ஒரே பேச்சைப் பேசிய மனிதனுக்கு இரண்டு பேரும் கொடுத்த மரியாதை. அயர்லாந்து அன்றும் நேட்டோவில் சேரவில்லை, இன்றும் சேரவில்லை. ஐந்து வருஷம் கழித்து, 1973-ல், இரு நாட்டுக்கும் தூதரக உறவு ஏற்பட்டது. அப்போது எய்கன் மந்திரியாக இல்லை.

முதல் நாளிலேயே அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் கையெழுத்திட்டன. அன்றே வாஷிங்டனில் ஜனாதிபதி ஜான்சன், பெரிய ஏவுகணைகளைக் குறைப்பது பற்றி மாஸ்கோவோடு பேசப்போவதாக அறிவித்தார். நல்ல செய்திதான். ஆனால் ஜான்சனின் விமானங்கள் அந்த நேரத்தில் வியட்நாமில் குண்டு போட்டுக்கொண்டிருந்தன. ஐம்பது நாள் கழித்து மாஸ்கோவின் டாங்கிகள் பிராக் நகரத் தெருவுக்குள் நுழைந்தன. குறைப்புப் பேச்சு 1969 நவம்பருக்குத் தள்ளிப்போயிற்று.

ஆலைக் கேட்டில் நடப்பது

இனி ஒப்பந்தத்துக்குள் வருவோம். இங்கேதான் தோழர்களின் அனுபவம் நமக்குத் தேவை.

ஷிப்டு முடிந்து தொழிலாளி வெளியே வருகிறான். கேட்டில் வாட்ச்மேன் தடவிப் பார்க்கிறான். சாப்பாட்டுத் தூக்கைத் திற என்கிறான். ஒரு நூல்கண்டு, ஒரு திருகாணி வெளியே போய்விடக் கூடாதாம்! அதே கேட்டு வழியாக முதலாளியின் கார் வருகிறது. வாட்ச்மேன் விறைத்து நின்று சலாம் போடுகிறான். காரின் பின்பெட்டியைத் திறந்து பார்த்ததுண்டா?

ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு இதுவேதான். குண்டு இல்லாத நாடுகள் தங்கள் அணு உலைகளையும் யுரேனியக் கையிருப்பையும் வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி ஏஜென்சியின் சோதனைக்குத் திறந்துவிட வேண்டும். இன்ஸ்பெக்டர்கள் வருவார்கள், கணக்கைப் பார்ப்பார்கள், முத்திரை வைப்பார்கள், காமிரா மாட்டுவார்கள். குண்டு வைத்திருக்கும் ஐவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர்களாக இஷ்டப்பட்டுக் காட்டுவதை மட்டும் பார்க்கலாம். யார் அந்த ஐவர்? 1967 ஜனவரி 1-ந் தேதிக்கு முன் குண்டு வெடித்தவர்கள் என்று ஒப்பந்தமே தேதி குறித்துவிட்டது. அந்தத் தேதிக்குள் திருடியவன் வீட்டுக்காரன், அதற்குப் பின் வந்தவன் திருடன் என்று சொல்வதுபோல் இல்லையா?

சோதனையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சோதனை தேவைதான், காரணம் எளிது. மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் பிளக்கக்கூடிய வகை நூற்றுக்கு 0.7 பங்குதான். பெரும்பாலான மின்சார உலைகளுக்கு அதை 3 முதல் 5 பங்குவரை செறிவேற்றினால் போதும். குண்டுக்குச் சுமார் 90 பங்கு வேண்டும். இரண்டையும் செய்யும் யந்திரம் ஒன்றேதான். எந்த இடத்தில் நிறுத்துகிறாய் என்பது மட்டுமே வித்தியாசம். அதை யாராவது கூடவிருந்து பார்க்கத்தான் வேண்டும். ஏன் எல்லோரையும் பார்க்கக் கூடாது என்பதே கேள்வி.

இல்லாதவர்கள் இதற்கு ஏன் சம்மதித்தார்கள்? பதிலுக்கு இரண்டு வாக்குறுதி கிடைத்தது. ஒன்று, மின்சாரத்துக்கும் வைத்தியத்துக்கும் விவசாயத்துக்கும் அணுசக்தியைப் பயன்படுத்தும் உரிமை. இன்னொன்று ஆறாம் பிரிவு. ஆயுதப் போட்டியை விரைவில் நிறுத்தவும் அணு ஆயுதங்களைக் களையவும் நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்துவதாக அந்தப் பிரிவு சொல்கிறது. எப்போது முடிப்பார்கள்? தேதி இல்லை. முடிக்காவிட்டால் என்ன தண்டனை? அதுவும் இல்லை.

வேலைநிறுத்தம் முடிந்து போடும் ஒப்பந்தத்தைத் தோழர்கள் நினைத்துப் பார்க்கட்டும். "தொழிலாளர்கள் நாளைக் காலை ஷிப்டிலிருந்து வேலைக்குத் திரும்புவார்கள்." இது முதல் வரி; மணி நேரம்கூடக் குறித்திருக்கும். "போனஸ் பிரச்னையை நிர்வாகம் உரிய காலத்தில் நல்லெண்ணத்துடன் பரிசீலிக்கும்." இது கடைசி வரி. முதல் வரி மறுநாளே அமுலாகிவிடும். கடைசி வரிக்காக அடுத்த வேலைநிறுத்தம் வரும்.

நடந்தது அதுதான். ஒப்பந்தம் 1970 மார்ச் 5-ந் தேதி அமுலுக்கு வந்தது. அதன் பிறகு உலகத்தில் குண்டு குறைந்ததா? ஏறியது! 1986 வாக்கில் உலகத்திலிருந்த அணுகுண்டுகள் சுமார் 70,000. எய்கன் 1983 மே மாதமே காலமாகிவிட்டார். தம் கையெழுத்துக்குப் பிறகு எதிர்த்தரப்பு செய்த காரியத்தைப் பதினைந்து வருஷம் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அப்படியானால் கையெழுத்திட்டது ஏமாளித்தனமா?

நம் தோழர்களில் பலர் ஆம் என்பார்கள். அவர்களது கோபம் நியாயமானது. முடிவு சரியல்ல என்பது நம் கருத்து. 1963-ல் ஜனாதிபதி கென்னடி, 1970-களில் உலகில் 15 முதல் 25 நாடுகள் அணுகுண்டு வைத்திருக்கலாம் என்று அஞ்சினார். இன்று வைத்திருப்பவை ஒன்பது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி சர்க்கார் ரகசியமாக ஆறு குண்டு செய்து வைத்திருந்தது; அவற்றைப் பிரித்துப் போட்டுவிட்டு 1991-ல் அந்த நாடு ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 1986-ல் 70,000 ஆக இருந்த குண்டுகள் இன்று ஏறத்தாழ 12,000. குறைந்ததில் பெரும்பகுதி வாஷிங்டனும் மாஸ்கோவும் தங்களுக்குள் செய்துகொண்ட தனி உடன்பாடுகளால் என்பது வாஸ்தவம். ஆனால் அந்த உடன்பாட்டுக்கு உட்காருங்கள், நீங்கள் எழுதிக் கொடுத்த ஆறாம் பிரிவு என்ன ஆயிற்று என்று ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கூடும் மறுபரிசீலனை மாநாட்டில் சட்டையைப் பிடித்துக் கேட்க இல்லாதவனுக்கு ஒரு காகிதம் கிடைத்ததே, அது இந்தக் கையெழுத்தால் கிடைத்தது.

வெறும் காகிதம் என்று சிரிக்க வேண்டாம். 1996 ஜூலை 8-ந் தேதி ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் அந்த ஆறாம் பிரிவை எடுத்து வைத்துக்கொண்டு ஒருமனதாக ஒரு கருத்துச் சொன்னது. பேசினால் மட்டும் போதாது, பேச்சை முடித்துக் காட்டவும் கடமை இருக்கிறது என்றது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு 2014-ல் வழக்குக்குப் போனது யார் தெரியுமா? மார்ஷல் தீவுகள்! பசிபிக் கடலில் ஒரு பொட்டு. 1946 முதல் 1958 வரை அமெரிக்கா அங்கே 67 குண்டுகளை வெடித்துப் பார்த்தது. பிரிட்டன், இந்தியா, பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் மீதான வழக்கு விசாரணை வரை வந்தது. விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று 2016 அக்டோபரில் நீதிமன்றம் கையை விரித்தது. பிரிட்டன் மீதான வழக்கில் நீதிபதிகள் எட்டுக்கு எட்டாகப் பிரிந்து நின்றார்கள். தலைவரின் ஓட்டுத்தான் பிரிட்டனைக் காப்பாற்றியது. தோற்றார்கள், ஆனால் எவ்வளவு நெருங்கி வந்து தோற்றார்கள் என்று பாருங்கள்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. சோவியத் யூனியன் சிதறியபோது தன் மண்ணில் இருந்த குண்டுகளை உக்ரெய்ன் ரஷ்யாவிடம் ஒப்படைத்துவிட்டு இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. உன் எல்லைக்குப் பங்கம் வராது என்று 1994-ல் எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவரான ரஷ்யாவே 2014-லும் 2022-லும் படை நடத்தியது. ஈரான், 1968 ஜூலை 1 அன்றே கையெழுத்திட்ட நாடு. யுரேனியத்தை 60 பங்குவரை செறிவேற்றியது. வியன்னா ஏஜென்சி அதன்மீது குறை சொன்னது. அதெல்லாம் உண்மை. ஆனால் 2025 ஜூனில் அதன் அணு நிலையங்கள் மீது முதலில் குண்டு போட்ட இஸ்ரேல், ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாத நாடு. பிறகு சேர்ந்துகொண்ட அமெரிக்கா, ஒப்பந்தத்தின் காவலர்களில் ஒன்று. வட கொரியாவோ 2003-ல் வெளியேறி, 2006-ல் வெடித்தது. அதன்மீது யாரும் குண்டு போடவில்லை. இல்லாதவர்கள் இதிலிருந்து என்ன பாடம் கற்பார்கள் என்று வல்லரசுகள் யோசித்ததாகத் தெரியவில்லை.

டில்லியின் கணக்கு

கடைசியாக நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம்.

1954-ல், பசிபிக் கடலில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஜப்பானிய மீனவர்கள் மீது விழுந்த சில வாரங்களுக்குள், சோதனைகளையாவது நிறுத்துங்கள் என்று முதலில் குரல் கொடுத்தவர் நேரு. ஜெனீவாவின் பதினெட்டில் ஒரு நாற்காலி இந்தியாவுடையது. அங்கே நம் பிரதிநிதி கேட்ட கேள்வி நேர்மையான கேள்வி: இல்லாதவன் கையைக் கட்டுகிறீர்கள், இருப்பவன் கையை எப்போது கட்டுவீர்கள்? பொறுப்பு இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்று 1965-ல் ஐ.நா. தீர்மானமும் சொல்லியிருந்தது. 1968 ஜூன் 12-ந் தேதி ஒப்பந்தம் ஐ.நா.வில் ஓட்டுக்கு வந்தபோது 95 நாடுகள் ஆதரித்தன, 4 எதிர்த்தன, 21 ஒதுங்கின. இந்தியா ஒதுங்கியது. பாகுபாடான இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாட்டோம் என்று டில்லி சொன்னது. அன்று சொன்ன காரணத்தில் பழுதில்லை.

பிறகு 1974 மே 18-ல் பொக்ரானில் ஒரு வெடிப்பு; சமாதான வெடிப்பு என்று பெயர். 1998 மே மாதத்தில் ஐந்து. இம்முறை ஆயுதம் என்றே சொன்னார்கள். அதே மாதம் பாகிஸ்தானும் வெடித்தது. எதிர்வீட்டுக்காரனைப் பற்றி எய்கன் 1958-ல் சொன்ன வாதத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

2008 செப்டம்பரில், அணு எரிபொருளும் உலையும் விற்கும் நாடுகளின் குழு இந்தியாவுக்குத் தனிச் சலுகை கொடுத்தது. கையெழுத்துப் போடாமலே சரக்கு வாங்கலாம். கடைசி நேரம்வரை தயங்கி நின்ற ஆறு சிறு நாடுகளில் அயர்லாந்தும் ஒன்று. எங்களுக்கு இந்தியாமீது பகை ஒன்றுமில்லை, நாங்கள் விதைத்த ஒப்பந்தம் என்னாவது என்பதே அவர்கள் கவலை. வாஷிங்டனிலிருந்து நெருக்கடி வந்தது. அயர்லாந்தும் வளைந்துகொடுத்தது. எய்கன் இருந்திருந்தால் வளைந்திருப்பாரா என்று கேட்கத் தோன்றுகிறது. இறந்தவர் சார்பில் நாம் பதில் சொல்ல முடியாது.

2017 ஜூலை 7-ந் தேதி ஐ.நா.வில் இன்னொரு ஒப்பந்தம் வந்தது. இதில் ஐவர் என்றும் மற்றவர் என்றும் பிரிவினை இல்லை. 1967 என்ற தேதியும் இல்லை. யாரும் செய்யக் கூடாது, யாரும் வைத்திருக்கக் கூடாது, யாரும் காட்டி மிரட்டக் கூடாது. முதலாளியின் காரையும் திறந்து பார் என்கிற ஒப்பந்தம்! முன்னின்று கொண்டுவந்தவர்களில் ஆஸ்திரியா, மெக்சிகோ, பிரேசில், தென்னாப்பிரிக்கா, நைஜீரியா ஆகியவற்றோடு அயர்லாந்தும் இருந்தது. 122 நாடுகள் ஆதரித்து ஓட்டளித்தன. 2021 ஜனவரி 22-ல் அது அமுலுக்கும் வந்துவிட்டது.

ஒன்பது அணு நாடுகளில் ஒன்றுகூட அந்தப் பேச்சுக்கு வரவில்லை. எல்லோருக்கும் ஒரே விதி இல்லையே என்று 1968-ல் ஒதுங்கிய டில்லியும், எல்லோருக்கும் ஒரே விதி என்று எழுதிய அந்த மண்டபத்துக்குப் போகவில்லை. ஜெனீவா மாநாட்டில் பேசிக்கொள்ளலாம் என்று பதில் சொன்னது. அயர்லாந்து போயிற்று, கையெழுத்திட்டது. 2020 ஆகஸ்ட் 6-ந் தேதி, ஹிரோஷிமாவின் 75-வது ஆண்டு நாளில், அதை உறுதிப்படுத்தியது.